ரோட்கிங்கில் ஜாவா சைலன்சர்: ஏறும், ஆனால் இழுக்குமா?

ஜூன் 8, 2025: புனலூர் வாசகர் கேட்டது

1986 யெஸ்டி ரோட்கிங் வைத்திருக்கிறேன். வலது சைலன்சர் அடிப்பக்கம் துருவில் ஓட்டை. ஒரிஜினல் தேடி அலுத்துவிட்டேன். இங்கே ஒரு ஆக்ரிக்கடையில் (பழைய இரும்புக்கடை) பழைய ஜாவா மீன்வால் சைலன்சர் ஜோடியாகக் கிடக்கிறது. நசுங்கல் இல்லை. "அப்படியே ஏறும்" என்கிறார் மெக்கானிக். சைலன்சர் என்பது சத்தத்தைக் குறைக்கிற சாமான்தானே, எந்த வண்டியுடையதாக இருந்தால் என்ன? மாட்டலாமா?

ஜூன் 8, இரவு

மாட்டலாம். ஓடும். "எதுவாக இருந்தால் என்ன" என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

புல்லட் மாதிரி நாலு ஸ்ட்ரோக் என்றால் புகை வெளியேற ஒரு வால்வு இருக்கிறது. வேலை முடிந்ததும் அது மூடிக்கொள்ளும். நம் டூ ஸ்ட்ரோக்கில் அந்தக் கதவே இல்லை. சிலிண்டர் சுவரில் ஒரு துளை, பிஸ்டன் கீழே போனால் திறக்கும், மேலே வந்தால் மூடும், அவ்வளவுதான். உள்ளே வரும் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையும் வெளியே போகும் புகையும் ஒரே நேரத்தில் நடமாடுகின்றன. புகைத் துளை கடைசியாகத்தான் மூடும் என்பதால், புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் பக்கம் ஓடிவிடும். அதைத் தடுத்து, முடிந்தால் திருப்பி உள்ளே தள்ள வேண்டிய வேலை குழாய்க்குத்தான். சைலன்சரை மாற்றுகிறீர்கள் என்றால் இன்ஜினில் ஒரு பாகத்தை மாற்றுகிறீர்கள். சத்தம் எல்லாம் அதற்கு அப்புறம்.

என் வீட்டில் ரோட்கிங் ஒன்று, அப்பாவின் கிளாசிக் ஒன்று. இரண்டிலும் சைலன்சரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஜூன் 9

வாங்குவதற்கு முன்னால் ஒரு வெர்னியர் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பெண்ட் பைப்பின் (சிலிண்டரிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாய்) வெளி விட்டம், அந்தச் சைலன்சர் வாயின் உள் விட்டம், இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெண்ட் பைப்பைச் சிலிண்டரோடு இறுக்கும் காலர் நட்டின் மரையைப் பற்றி மெக்கானிக் சொல்வதை இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சிலிண்டரில் இருக்கும் உங்கள் பெண்ட் பைப்பும் காலரும் அப்படியே இருக்கட்டும். மாற்றுவதென்றால் சைலன்சரை மட்டும் மாற்றுங்கள்.

ஜூன் 11

கடையநல்லூர் தம்பி ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "அண்ணாச்சி, ஜாவாவெல்லாம் எதுக்கு? யமஹா ஆர்எக்ஸ் 100 சைலன்சர் ரெண்டு வாங்கி ஆளுக்கொரு பக்கம் மாட்டிருங்க. வண்டி பறக்கும்."

பறக்காது தம்பி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பேனா எடுங்கள்.

புகைத் துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் கிளம்புகிறது. சூடான புகையில் அது விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் போகும். குழாய் மறுபடி குறுகும் இடத்தில் மோதித் திரும்பி வரும். துளை மூடப்போகிற நேரத்துக்குச் சரியாக அது வந்து சேர்ந்தால், தப்பி ஓடிய கலவையை உள்ளே தள்ளிவிடும். சீக்கிரமே வந்தால் உள்ளே வரும் கலவையோடு மல்லுக்கட்டும், பிந்தி வந்தால் மூடிய கதவில் முட்டும். துளை திறந்திருக்கும் கோணத்தை 160 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 பெருக்கல் 160, வகுத்தல் 12 மடங்கு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று). குழாய் நீளம் மீட்டரில் வரும்.

ஆர்எக்ஸ் 100 தன் முழு சக்தியான 11 பிஎச்பியைத் தருவது 7,500 ஆர்பிஎம்மில். நீளம் 0.89 மீட்டர். ரோட்கிங் 16 பிஎச்பியைத் தருவது 4,500இல். நீளம் 1.48 மீட்டர். வித்தியாசம் ஒரு முழத்துக்கு மேல். நம் இன்ஜின் ஒருநாளும் எட்டாத வேகத்துக்கென்று வெட்டிய குழாய் அது. ஆர்எக்ஸின் 98 சிசிக்குச் செய்த வயிற்றில் பாதி 250ஐ அடைத்தால் மூச்சு முட்டவும் செய்யும்.

சத்தம் மட்டும் அருமையாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஜூன் 12

மேலே போட்ட கணக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் டேப் எடுத்துத் தங்கள் வண்டியை அளந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கு 1.48 வரவில்லை என்று கவலை.

கவலை வேண்டாம். அந்தக் கணக்கு பந்தய வண்டியின் எக்ஸ்பான்ஷன் சேம்பருக்குப் பொருந்தும். அதில் குழாய் விரிந்து, பருத்து, பின்பு கூம்பாகக் குறுகும். அலை பலமாகத் திரும்பும். நம்முடையது தெருவில் ஓட்டுவதற்கான சைலன்சர். உள்ளே தடுப்புத் தகடும் துளையிட்ட குழலும் இருப்பதால் அலை அங்கங்கே மோதிச் சிதறிப் பாதி செத்துவிடும். ஆகவே யெஸ்டியைப் பொறுத்தவரை நீளத்தை விட இரண்டு விஷயம் முக்கியம்: உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது, கடைசித் துளை எவ்வளவு பெரியது. 1.48 என்பது திசை காட்டத்தான். டேப்பைச் சுருட்டி வையுங்கள்.

ஜூன் 15

ஜாவாவுக்கு வருகிறேன். தாத்தா, பேரன் என்று சொல்லலாம். இரண்டும் மைசூர் ஐடியல் ஜாவாவில் பிறந்தவை, இரண்டும் 250 சிசி, இரண்டிலும் ஒரே சிலிண்டருக்கு இரண்டு குழாய். ஆனால் பழைய ஜாவா 12 பிஎச்பி, ரோட்கிங் 16. கூடுதல் நாலு குதிரைக்கு வேண்டிய புகையும் அதே வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

என் ரோட்கிங்கில் ஒரு குற்றாலம் சீசன் முழுக்க ஜாவா மீன்வால் ஓடியது. செங்கோட்டையிலிருந்து புளியரை வரை சொகுசு. வயற்காட்டுச் சாலை, மூன்றாவது கியர், சாரல், குறையே சொல்ல முடியாது. அடி இழுவை நன்றாகவே இருந்தது, ஒரிஜினலை விடத் துளி மேல் என்றுகூடத் தோன்றியது. புளியரை தாண்டிக் கோட்டைவாசல் ஏற்றம் ஆரம்பித்ததும் சாயம் வெளுத்தது. எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் இரண்டாவதுக்கு இறங்கி, வளைவு முடிந்து லாரியைத் தாண்டலாம் என்று முறுக்கினால் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவே இல்லை. முறுக்க முறுக்கச் சத்தம் கூடுகிறது, வண்டி கூடவில்லை. பாதி ஏற்றத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் "இறங்கித் தள்ளவா?" என்றான். ஆரியங்காவு வரை அதே லாரியின் புகைதான்.

தென்மலை இறக்கத்தில் இன்னொன்று கவனித்தேன். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது பழைய மாதிரி 'டிங் டிங்' வரவில்லை, மொத்தையான ஒலி. பதின்மூன்று கண் பாலத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திக் கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் பெண்ட் பைப் வழக்கத்தை விட அதிகமாகக் கொதித்தது. நீலம் பாய்ந்தும் இருந்தது.

என் தீர்ப்பு: சமவெளியில் ஓட்டுபவருக்கு ஜாவா மீன்வால் அழகு. புனலூர்க்காரர் மலையிலேயே இருக்கிறீர்கள், யோசியுங்கள்.

ஜூன் 17

"இந்த அலைக் கதையெல்லாம் எந்த வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது?" என்று ஒருத்தர். கேட்டதால் சொல்கிறேன்.

கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்று ஓர் இன்ஜினியர். 1950களில் கையில் காசும் இல்லை, நல்ல உலோகமும் இல்லை. டூ ஸ்ட்ரோக்கைப் புல்வெட்டும் மெஷினுக்குத்தான் லாயக்கு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம். சுழல் தட்டு வால்வு, கூடுதல் போர்ட் (சிலிண்டர் சுவர்த் துளை), எக்ஸ்பான்ஷன் சேம்பர் மூன்றையும் சேர்த்து, 125 சிசியில் லிட்டருக்கு 200 பிஎச்பி என்ற கணக்கை எட்டிவிட்டார். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது அப்படியே மேற்கே தப்பிவிட்டார். விஷயம் அவரோடு ஜப்பானுக்கு, சுசுகிக்குப் போனது. மறு வருடமே 1962இல் சுசுகியில் ஏறி 50 சிசி உலகப் பட்டம். கடையநல்லூர் தம்பி கொண்டாடும் ஜப்பான் டூ ஸ்ட்ரோக் வேகத்தில் இந்தத் திருட்டுக்கும் பங்கு உண்டு.

ஜூன் 22

பட்டறை விஷயம். இதில்தான் அதிகம் பேர் வண்டியைக் கெடுக்கிறார்கள்.

காலர் நட்டைக் கழற்ற சி ஸ்பானர் என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாத பட்டறையில் உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். நட்டின் பல் உடையும். அதுகூடப் பரவாயில்லை, சிலிண்டர் பக்கத்து மரை போனால் லேத்துக்காரனிடம் கும்பிடு போட வேண்டியதுதான். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு அப்புறம் திருகுங்கள்.

வாய் விட்டம் ஒத்துவராவிட்டால் சைலன்சரை நசுக்கவோ பெண்ட் பைப்பை விரிக்கவோ விடாதீர்கள். லேத்தில் ஒரு ஸ்லீவ் (இடைக்குழல்) கடைந்து செருகினால் போதும், நாளைக்கு ஒரிஜினல் கிடைத்தால் உருவிவிடலாம். ஸ்லீவுக்குள் பைப் எவ்வளவு நீளம் போகிறது என்பதை இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது பெண்ட் பைப் வளைக்க வேண்டி வந்தால் உள்ளே உலர்ந்த மணலை நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, சூடாக்கி வளைப்பவரிடம் கொடுங்கள். ஈர மணல் கூடவே கூடாது, ஆவி அடைத்து வெடிக்கும். மணல் இல்லாமல் வளைத்தால் உள்வளைவு மடிந்து ஒடுங்கிப்போகும். அந்த மடிப்பு ஒன்று போதும், மேற்கொண்டு எந்தச் சைலன்சரும் உதவாது.

வெல்டிங் என்றால் கேஸ் வெல்டிங். ஆர்க் வைத்தால் பழைய தகடு பொத்துக்கொண்டு போகும். பிராக்கெட்டைச் சைலன்சர் உடம்பில் நேராகப் பற்றவைக்காமல் கிளாம்ப் போட்டு அதில் வையுங்கள். இடது பக்கம் கிக்கர் சுழலும் இடத்தை மறக்க வேண்டாம். நம் வண்டியில் கியர் லிவரும் கிக்கரும் ஒன்றே, மடக்கி நிமிர்த்தி முழுச் சுற்று அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். வலது பக்கம் பிரேக் பெடலையும் அப்படியே.

ஜூன் 23

சொல்ல விட்டது. வலது சைலன்சர் ஓட்டை, இடது நன்றாக இருக்கிறது என்று வலதை மட்டும் மாற்றுவதைப் பற்றி ஒருத்தர் கேட்டிருக்கிறார். வேண்டாம். சிலிண்டர் ஒன்றுதான், வாசல்தான் இரண்டு. தடை குறைந்த பக்கம் புகை அதிகம் போகும். மற்றப் பக்கம் சூடாகாமல் கரி கட்டி, இன்னும் அடைத்துக்கொள்ளும். மாற்றினால் ஜோடியாக.

ஜூன் 29

போலீஸ் பற்றி.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கேரளத்திலிருந்து போன வழக்குதான். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அப்படித்தான் சொல்கிறது என்பது சாரம். சத்தம் விதியை மீறினால் பிரிவு 190(2)இல் 10,000 ரூபாய் வரை அபராதம். கேரள மோட்டார் வாகனத் துறை 2022இல் 'ஆபரேஷன் சைலன்ஸ்' என்று பெயர் வைத்தே வேட்டை நடத்தியது. தமிழ்நாட்டுப் பக்கம் அவ்வளவு கெடுபிடி நான் பார்த்ததில்லை, ஆனால் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நடைமுறையில் நான் கண்டது: உள்குழல் சரியாக இருந்து, சத்தம் அடங்கி இருந்தால் பழைய வண்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். உள்குழலை உருவி எடுத்துவிட்டு அலறவிட்டால் சிரிக்க மாட்டார்கள். ஒருமுறை எல்லையில் நிறுத்திய அதிகாரி ஒருவர் குனிந்து மீன்வாலைப் பார்த்து, "இது ஜாவாயல்லே?" என்று கேட்டார். அவர் அப்பாவிடமும் ஜாவா இருந்ததாம். கால் மணி நேரம் அதைப் பற்றிப் பேசிவிட்டு, "ஒரிஜினல் கிடைச்சா மாத்திடணும்" என்று சொல்லி அனுப்பினார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று எழுதவில்லை.

தென்காசி நண்பர் ஒருவர், "1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில தானே இருந்துச்சு, உள்ளூர்க்காரன்னு சொல்லிப் பாருங்க" என்கிறார். அபராதச் சீட்டில் அந்தத் தேதியையும் சேர்த்து எழுதித் தருவார்கள்.

ஜூலை 6

"வின்டேஜ் வண்டிக்கு இந்த விதியெல்லாம் கிடையாது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். தவறு. 2021இல் வந்த விதிப்படி வின்டேஜ் என்றால் முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்திருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்யாத அசல் உருவில் இருக்க வேண்டும். நம்பரில் 'விஏ' எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அப்புறம் அன்றாடம் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு என்று போய்வரலாம். ரோட்கிங் வெளிவந்ததே 1978இல். 2028 வரை எந்த ரோட்கிங்கும் அந்த வாசலை மிதிக்க முடியாது. சைலன்சரை மாற்றிக்கொண்டு அந்தச் சலுகையைக் கேட்பது இன்னும் வேடிக்கை.

ஜூலை 13

புனலூர்க்காரர் நான் சொன்னதைக் கேட்காமலே மாட்டிவிட்டார். ஜாவா ஜோடி, ஸ்லீவ் போட்டு. வாழ்த்து. இப்போது பிளக் கருப்பாக, ஈரமாக இருக்கிறதாம், ஏற்றத்தில் விக்குகிறதாம்.

எதிர்பார்த்ததே. புகை போக வழி குறைந்தால் உள்ளே பழைய புகை தங்கும், எரிவது குறையும், பிளக் கருக்கும். முதலில் சைலன்சர் உள்ளேயே கரி அடைத்திருக்கிறதா பாருங்கள், ஆக்ரிக்கடைச் சரக்கு எத்தனை வருடக் கரியைச் சுமந்து வந்ததோ. வால் பக்கம் திருகைக் கழற்றி உள்குழலை உருவிக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவையுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டாம், அரித்துவிடும். அது சுத்தமான பிறகும் கருத்தால் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலே போட்டு ஊசியைக் கீழே இறக்குங்கள். பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

அவசரப்பட்டு ஜெட்டைச் சிறிதாக்கிவிடாதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு, அதனால் கலவை தானாகவே கொஞ்சம் மெலிந்துதான் (காற்றுக்கு எரிபொருள் போதாமல்) போகிறது. அதோடு ஜெட்டையும் குறைத்தால் ஒருநாள் தென்மலை இறக்கத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை மூடினால் எண்ணெயும் மூடிக்கொள்கிறது, நீண்ட இறக்கத்தில் அதுதான் ஆபத்து. நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள். நான் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் விடுகிறேன். புகையைப் பார்த்து அண்டைவீட்டார் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

வண்டி மாதக்கணக்கில் நின்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். நம்மூர்ச் சாரலில் அதற்கு அதிக நாள் வேண்டாம்.

ஜூலை 20

இரண்டு கிளைக் கேள்விகள்.

ராஜ்தூத் 350, லோ டார்க் வண்டியில் ஹை டார்க் சைலன்சர் போட்டால் 27 பிஎச்பி 30.5 ஆகுமா? ஆகாது. அந்த இரண்டுக்கும் சிலிண்டர் போர்ட்டே வேறு. குழாய் மட்டும் மாறினால் பாதிக் கல்யாணம்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் யூசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறையில் உள்ள புதிய வகை) சைலன்சர்? பழையதில் பெண்ட் பைப் ஹெட்டுக்குள் செருகுகிற வகை, புதியதில் போல்ட் போடுகிற பிளேஞ்ச். ஆகவே பைப்பைத் தொடாமல் சைலன்சரை மட்டும் ஸ்லீவ் வைத்து மாற்றலாம். அங்கே வால்வு இருப்பதால் இவ்வளவு தலைவலி இல்லை. பெரும்பாலும் சத்தமும் அழகும்தான் மாறும்.

ஆகஸ்ட் 3

புனலூர்க்காரரின் கடிதம்: கரியை எடுத்த பிறகு விக்கல் போய்விட்டது. வேகம் குறைவுதான், ஆனால் "பார்க்க நல்லா இருக்கு, ஊர்ல எல்லாரும் நிறுத்திக் கேட்கிறாங்க" என்கிறார். ஆரியங்காவு ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே போகிறாராம், அவசரம் ஒன்றும் இல்லையாம்.

அதையும் யோசித்துப் பார்க்கிறேன். நான் 16 பிஎச்பி, 16 பிஎச்பி என்று இத்தனை நாள் எழுதினேன். நாற்பது வருடப் பழைய வண்டியில், தேய்ந்த ரிங்கோடு, அந்த 16இல் இன்று எத்தனை மிச்சம்? மேல் வேகத்தை அவர் தொடவே போவதில்லை என்றால் ஜாவா சைலன்சர் அவரிடமிருந்து பறித்தது பெரிதாக ஒன்றும் இல்லை. இன்ஜினைக் கொதிக்கவிடாமல் ஓட்டினால் சரி. ஆனால் என் வண்டிக்கு நான் மறுபடி போட மாட்டேன். எனக்கு அந்த லாரியைத் தாண்டியாக வேண்டும்.

ஆகஸ்ட் 24

அவருடைய பழைய வலது சைலன்சரை என்ன செய்தார் என்று கேட்டேன். பரணில் கிடக்கிறதாம். அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஓட்டை அடிப்பக்கம் மட்டும்தானே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. கடைக்கும் வீட்டுக்குமாகக் கிட்ட ஓட்டம் ஓடினால் சைலன்சர் முழுதாகச் சூடாகாது, அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால்தான் எல்லார் வண்டியிலும் அதே இடத்தில் துரு.

அடித்தகட்டை நீளவாக்கில் வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டை உருட்டிக் கேஸ் வெல்டிங்கில் பொருத்தச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தடுப்புகளைத் தொடாமல், நீளமும் கடைசித் துளையும் மாறாமல் இருந்தால் அது இன்னமும் ரோட்கிங் சைலன்சர்தான். குரோம் பூச்சு பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை வெப்பம் தாங்கும் கருப்புப் பெயின்ட். முடித்ததும் தாழ்வான இடத்தில் 3 மிமீ துளை ஒன்று போட்டு வையுங்கள், தண்ணீர் சொட்டி வடிந்துவிடும். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. என் வண்டியில் இப்போது இருப்பதும் இப்படி ஒட்டுப்போட்ட ஜோடிதான்.

தென்காசியில் தகடு வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அடுத்த வாரம் புனலூர் வருகிறேன், பரணிலிருந்து இறக்கி வையுங்கள். இடது பக்கத்துப் பிராக்கெட் ரப்பர் புஷ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நாலு வேண்டும்.